கைப்பிடி வைத்த கோப்பை

“உங்க அண்ணன் வீட்ல ஏதாவது சண்டைங்களா?” என்று கிருஷ்ணசாமி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“இல்லையே. ஏன் கேக்கிறியள்?”

“இல்ல, ‘விமலா, நீர் சாப்பிட்டீரோ’ன்னு மனைவியக் கேக்குறாரு. எங்க விருத்தாசலம் பக்கம் ஒருத்தர நீர்னு கூப்பிட்டா, அடுத்தது சட்டையப் பிடிக்கப் போறாருன்னு அர்த்தம். இல்லாட்டி அவர் கூத்துல ராஜா வேஷம் கட்டியிருக்கணும்.”

வாயிலிருந்த பொங்கலை விழுங்க முடியாமல் சிரித்தேன்.

“அது சண்டை இல்லை. ‘நீங்கள்’ எண்டா மரியாதை, தள்ளி நிண்டு கதைக்கிறது. ‘நீ’ எண்டா சின்னாக்களுக்கு. ‘நீர்’ எண்டது ரெண்டுக்கும் நடுவில. எங்கட ஊரில மனுசன் மனுசியை அப்பிடித்தான் கூப்பிடுறது.”

“புருஷன் பொண்டாட்டிய மட்டுந்தானா?”

“சிநேகிதரும் சொல்லுவினம். ஆனா கலியாணம் கட்டாத ஒரு ஆம்பிளை, கலியாணம் கட்டாத ஒரு பொம்பிளையை ‘நீர்’ எண்டு சொன்னாரெண்டா, சனம் உடன எப்ப கலியாணம் எண்டு கேக்கும்.”

“அய்யய்யோ! அப்ப நான் ஜாக்கிரதையா இருக்கணும்ங்க” என்றார் அவர்.

இது 1976ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று, ஸ்ட்ராத்ஃபீல்டில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் நடந்த பேச்சு. சிட்னியில் இருந்த தமிழர் எல்லோரும் அந்த ஒரு மண்டபத்துக்குள் அடங்கிவிட்ட காலம் அது. கிருஷ்ணசாமி சொன்ன சொல் தவறாதவர். அன்றிலிருந்து பத்தொன்பது மாதங்கள் அவர் ஜாக்கிரதையாகவே இருந்தார். அந்தப் பத்தொன்பது மாதங்களில் எத்தனை தடவை அந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எனக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மெரிலேண்ட்ஸில் அண்ணா மகேந்திரராஜாவின் வீட்டில் இருந்தேன். ஊரிலிருந்து வந்த சாதகங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்திய ஒன்றிரண்டையும் எனக்குப் பிடிக்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்பை வைத்து நகரசபை நூலகத்தில் ஒரு வேலை கிடைத்திருந்தது. புத்தகங்களுக்கு அட்டை எழுதுவது, அடுக்குவது, தேடிக் கொடுப்பது.

அந்த நூலகத்துக்குத்தான் மிஸ் ஹார்கோர்ட் வந்தார். பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடங்களாக ஆஸ்திரேலியக் கலைஞர்கள் கையால் வனைந்த மண்பாண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஆஷ்ஃபீல்டில் அவருடைய வீட்டில் பியானோவுக்குக் கீழேயும் சாடிகள், குளியல் தொட்டியின் விளிம்பிலும் கிண்ணங்கள். எல்லாவற்றையும் உள்நாட்டு நகரம் ஒன்றின் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். எது யார் செய்தது, எந்த ஆண்டு, என்ன மண், அடியில் என்ன குறி என்று ஒரு பட்டியல் வேண்டும் என்று கலைக்கூடத்தார் கேட்டார்களாம்.

“உனக்கு அட்டை எழுதத் தெரியும். மண்ணைத் தெரிந்த ஒருவர்தான் வேண்டும்” என்றார் மிஸ் ஹார்கோர்ட்.

பொங்கல் மண்டபத்தில் சந்தித்த மனிதர் நினைவுக்கு வந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் படித்துவிட்டு வந்து, சிட்னியின் மேற்கே ஓர் ஓட்டுத் தொழிற்சாலையில் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்தவர். கேட்டதும் சம்மதித்தார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நூலகம் சனிக்கிழமையும் திறந்திருக்கும். அவருக்கோ சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வு. ஆகவே அவர் சனிக்கிழமைகளில் மிஸ் ஹார்கோர்ட் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு பாண்டத்தையும் கவிழ்த்துப் பார்த்து, அளந்து, விவரத்தைக் கேசட்டில் பேசி வைப்பார். திங்கட்கிழமை மிஸ் ஹார்கோர்ட் கேசட்டை நூலகத்தில் தருவார். நான் வீட்டில் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். பாண்டங்களை நான் பார்க்க வேண்டியதில்லை. அவரையும்தான்.

முதல் கேசட்டிலேயே அவர் தமிழில் பேசியிருந்தார். காரணத்தையும் சொல்லியிருந்தார்.

“வணக்கமுங்க. இந்தம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. ஒரு கீறல் இருக்குன்னு இங்கிலீஷ்ல சொன்னா போதும், முகம் வாடிப் போயிடுது. அதனால தமிழ்லயே சொல்லிடறேன். நம்பர் ஒண்ணு, பெரிய சாடி. கழுத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். செஞ்சவர் நல்ல கைக்காரர், ஆனா சூளையில அவசரப்பட்டுட்டாரு.”

பின்னால் மிஸ் ஹார்கோர்ட்டின் குரல் ஆங்கிலத்தில் கேட்டது. “என் சாடியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?”

“மிக அழகான கழுத்து என்றேன், மேடம்.”

விரிசலை நான் அட்டையில் ஏற்றத்தான் செய்தேன். தட்டச்சு செய்த எதையும் மிஸ் ஹார்கோர்ட் மறுப்பதில்லை.

அப்படி ஒரு வருடம் போனது. அந்தக் குரலில்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். சுட்டால் கல் போல் இறுகும் மண் எது, சுண்டினால் மந்தமாக ஒலிக்கும் மண் எது, விறகுச் சாம்பலைக் கலந்து பூசிய மெருகு எப்படி ஒழுகி நிற்கும் என்று. அடிப்பாகத்தைப் பற்றி அவர் சொன்னது மறக்கவில்லை. “மேல இருக்கிற அழகெல்லாம் பாக்கிறவங்களுக்குங்க. அடியிலதான் செஞ்சவர் தன்னை விட்டுட்டுப் போறாரு. விரல் ரேகை இருக்கும், நூலால அறுத்த தடம் இருக்கும், பேர் இருக்கும்.” சிலவற்றின் விவரத்தைச் சொல்லி முடித்த பிறகு குரலைத் தாழ்த்துவார். “இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. கார்டுல போட்டுடாதீங்க.”

அப்படிப்பட்ட இடங்களில் நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்பேன். அண்ணாவின் மனைவி விமலாதேவி மச்சாள் கையில் அகப்பையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பா.

“என்னப்பா, ரேடியோ நாடகம் கேக்கிறமாதிரிக் கேக்கிறீர்? விரிசலைப் பற்றி அந்த மனுசன் ரெண்டு தரம் சொன்னவரோ?”

“சரியா விளங்கேல்லை மச்சாள்.”

“ஓம் ஓம். எனக்கு நல்லா விளங்குது.”

அண்ணாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒருநாள் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “அந்தாள் வந்து கேட்டா நான் மாட்டன் எண்டு சொல்லமாட்டன். நல்ல மனுசன். ஆனா பிள்ளை, நானாப் போய்க் கேக்கிறது சரியில்லை.”

கிருஷ்ணசாமி வந்து கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தார் வெளியில் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன்.

இருநூற்றுப் பதின்மூன்று அட்டைகளும் முடிந்தன. எழுபத்தேழு மார்ச்சில் ஒரு மாலை மிஸ் ஹார்கோர்ட் நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“கண்ணே, என் வீட்டில் கைப்பிடி வைத்த சாப்பாட்டுத் தட்டுகள் நாற்பத்தொன்று இருக்கின்றனவாம். உயரம் ஒன்பது சென்டிமீட்டராம். எங்கே இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.”

பிழை எங்கே என்று எனக்கு உடனே பிடிபட்டது.

கேசட்டில் கிருஷ்ணசாமி நாற்பத்தொரு தடவை “கோப்பை” என்று சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது. கோப்பை கழுவி வைத்தாயா என்றால் அதைத்தான் கேட்கிறார்கள். நான் அத்தனையையும் சாப்பாட்டுத் தட்டு என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். அவருக்கோ கோப்பை என்றால் தேநீர் குடிப்பது. போதாததற்கு, அவர் “தட்டு” என்று சொன்ன இருபத்தாறையும் நான் ட்ரே என்று அடித்திருந்தேன்.

கைப்பிடியையும் உயரத்தையும் கேட்டபோது எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அதற்கு முந்திய மாதம்தான் ஒரு கண்காட்சியில் மூன்று வாய் உள்ளதும் அடியே இல்லாததுமான ஒரு பானையைப் பார்த்திருந்தேன். இந்த நாட்டுக் கலைஞர்கள் சாப்பாட்டுத் தட்டுக்குக் கைப்பிடி வைத்தால் அதில் என்ன ஆச்சரியம் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஷ்ஃபீல்டுக்கு ஓடினேன். கிருஷ்ணசாமி எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். நான் அடித்த அட்டைகளைப் பார்த்துவிட்டிருந்தார்.

“தப்பு என்னோடதுங்க. நான் கப்புன்னு சொல்லியிருக்கணும்.”

“இல்லை, பிழை என்ரதான். நான் கேட்டிருக்க வேணும்.”

“உங்க ஊர்ல டீய எதுலங்க குடிக்கிறது?”

“பேணியில.”

“சாப்பாடு?”

“கோப்பையில.”

“தட்டுல?”

“தட்டில வெத்திலை பாக்கு வைக்கிறது!”

அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் அழுகையோடு சிரித்தேன். விஷயத்தை விளக்கியபோது மிஸ் ஹார்கோர்ட் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த கிண்ணம் ஒன்று ஆடியது. கிருஷ்ணசாமி பாய்ந்து பிடித்தார். சிரித்து முடிந்ததும் மிஸ் ஹார்கோர்ட் பழையபடி ஆசிரியை ஆகிவிட்டார். “இனிக் கேசட் கிடையாது. இரண்டு பேரும் இதே மேசையில் உட்கார்ந்து, பாண்டத்தைப் பார்த்து, ஒவ்வோர் அட்டையாகச் சரிபார்க்க வேண்டும். எத்தனை சனிக்கிழமை ஆனாலும் சரி.”

அந்த அம்மையாருக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. என் பிழையை அவர் தண்டிக்கவில்லை. அதற்குப் பதிலாக எனக்கு இருபத்திரண்டு சனிக்கிழமைகளைக் கொடுத்தார். நூலகத்தில் என் கூட வேலை செய்த ஜோன் தன் செவ்வாய்க்கிழமைகளை எனக்குத் தந்து, என் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இருநூற்றுப் பதின்மூன்று பாண்டங்களையும் அப்போதுதான் முதல்முறையாகக் கையில் எடுத்தேன். கேசட்டில் கேட்டவை எல்லாம் பாரமும் குளிர்ச்சியுமாக என் உள்ளங்கையில் வந்து இருந்தன. அவர் பிடித்திருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னவை எவை என்று எனக்கு எண் தெரியும். நாற்பத்தேழாம் எண்ணை எடுத்து அவர் முன் வைத்தேன். “இதுதானே?”

அவர் காது சிவந்தது. “அதெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களா?”

“கார்டில போடேல்லை” என்றேன்.

அந்த நாற்பத்தேழாம் எண்ணோடுதான் எங்கள் பெரிய சண்டையும் வந்தது. அது தேன் நிறத்தில் ஒரு கோப்பை, அவர் ஊர்த் தமிழில் கோப்பை. அதே கையால் செய்த பாண்டங்கள் பதினைந்து இருந்தன. பல வருடங்களுக்கு முன் ஒரு தேவாலயச் சந்தையில் பெட்டியோடு வாங்கியதாக மிஸ் ஹார்கோர்ட் சொன்னார். யார் செய்தது என்று தெரியாது. ஈர மண்ணில் ஆணியால் கீறியது போல அடியில் ஓர் எழுத்து மட்டும் இருந்தது. கிருஷ்ணசாமி கேசட்டில் ‘டபிள்யூ’ என்று சொல்லியிருந்தார். அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் குயவர் எவரையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நான், “இது எம் அல்லோ?” என்றேன்.

“டபிள்யூங்க. நல்லாப் பாருங்க.”

“நான் நல்லாத்தான் பாக்கிறன். எம்.”

“நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க, அதனால அப்படித் தெரியுது.”

“நீங்கள் இந்தப் பக்கம் வந்து இருங்கோவன், அப்ப தெரியும்.”

அவர் எழுந்து சுற்றி வந்தார். நான் எழுந்து அவர் கதிரைக்குப் போனேன். இப்போது அவர் எம் என்றார், நான் டபிள்யூ என்றேன். மிஸ் ஹார்கோர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடிப்பாகத்துக்குத் தலையும் காலும் ஏது? நீங்கள் இரண்டு பேருமே சரியாக இருக்கலாம்.”

அந்தச் சொல் என் மனதில் கிடந்தது. நூலகத்தில் பழைய கண்காட்சிகளின் துண்டுத்தாள்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். எம்மும் டபிள்யூவும் சேர்ந்து வரும் பெயரைத் தேடினேன். மூன்றாம் வாரம் கிடைத்தது. 1958இல் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்த சிறிய கண்காட்சி. மெர்ல் டென்னிங், வால்டர் டென்னிங். கணவன் மனைவி. கட்டூம்பா விலாசம்.

எழுதிப் போட்டோம். நடுங்கும் கையெழுத்தில் பதில் வந்தது. மெர்ல் உயிரோடு இருந்தார். அவர் எழுதியிருந்தது இது: “நான் சக்கரத்தில் வனைவேன், வால்டர் சூளையைப் பார்ப்பான். எங்களுக்கு ஒரே மேசை. எதிரெதிரே உட்கார்ந்துதான் வேலை. யாருடைய பெயரைப் போடுவது என்று சண்டை வந்தது. கடைசியில் ஒரே எழுத்தைக் கீறினோம். என் பக்கமிருந்து பார்த்தால் அது நான், அவன் பக்கமிருந்து பார்த்தால் அவன். வால்டர் போய் ஒன்பது வருடமாகிறது. அந்தப் பெட்டி எங்கே போனது என்று தெரியாமல் இருந்தேன். பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. இரண்டு பெயரையும் போடுங்கள்.”

கிருஷ்ணசாமி கடிதத்தை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, வெகுநேரம் மடித்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமையன்று எல்லா அட்டைகளும் சரியாகிவிட்டன. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவர் சொல்லியிருந்தார், மெல்பர்னில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பொறுப்பு கிடைத்திருக்கிறது என்று. செவ்வாய்க்கிழமை பயணம். அன்று காலை மெரிலேண்ட்ஸிலிருந்து வரும் ரயிலில், இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கிரான்வில்லில் வண்டி மாறும்போது, எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். ஆஷ்ஃபீல்டில் இறங்கும்போது, கேட்காமலே திரும்பிவிடுவேன் என்று தோன்றியது.

கடைசி அட்டை நாற்பத்தேழாம் எண். செய்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயரையும் அடித்தேன். மிஸ் ஹார்கோர்ட் பெட்டியில் இருந்த டென்னிங் கோப்பைகளில் இரண்டை எடுத்துக் கழுவி, தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

“இவை கலைக்கூடத்துக்குப் போகாது. பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். இது உனக்கு, இது அவருக்கு” என்றவர், தோட்டத்தில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த மழையில் என்ன தோட்ட வேலையோ!

இரண்டு பேரும் குடித்தோம். அவர் தன் பையிலிருந்து தான் பேசிப் பதிந்த அந்தப் பழைய கேசட் ரெக்கார்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

“ஒரு வருஷம் நானேதாங்க பேசிக்கிட்டு இருந்தேன். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்குன்னு உங்க குரல் ஒரு கேசட்ல கூட இல்ல. ஏதாவது பேசிக் குடுங்க. மெல்பர்னுக்கு எடுத்துட்டுப் போறேன்.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“எதுவானாலும் சரி. கோப்பைன்னா என்ன, தட்டுன்னா என்னன்னு சொல்லுங்க. போற இடத்துல தப்புப் பண்ணாம இருக்கலாம்.”

என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு மைக்கை என் பக்கம் நகர்த்தினார். அவர் விரல்களில் பழைய மெருகுக் கறை ஒன்று இருந்தது. எத்தனை சாடிகளைக் கவிழ்த்து, எத்தனை விரிசல்களை மனம் நோகாமல் சொன்ன கை. ஊரில் இருந்திருந்தால் இவரை நான் கண்டே இருக்க மாட்டேன் என்ற எண்ணம் வந்தது. என்னைக் கூட்டிவந்த அண்ணாவுக்கும், சந்தையில் பெட்டியை வாங்கிய மிஸ் ஹார்கோர்ட்டுக்கும், முகம் தெரியாத மெர்லுக்கும் வால்டருக்கும், எங்கள் இரண்டு ஊர்த் தமிழுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

கேசட் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னங்க, நீங்க ஒண்ணும் பேசலையே” என்றார்.

“அதைத்தான் சொல்லப் போறன்” என்றேன். மைக்கைப் பார்க்கவில்லை; அவரைப் பார்த்தேன். “மெல்பர்னுக்குப் போனாலும் சரி, எங்க போனாலும் சரி, இனி என்னை ‘நீங்க’ எண்டு கூப்பிடாதேங்கோ. ‘நீர்’ எண்டு கூப்பிடுங்கோ.”